தரகர் ஜெபதாஸின் மூன்றாம் கட்டம்

என் தாய்மாமன் ஜெபதாஸ் மாட்டுத் தரகர். புத்தூரிலிருந்து சித்தூர் வரைக்கும் அவர் பேசி முடிக்காத உழவு ஜோடி குறைவு. மாட்டின் கீழுதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்து வயது சொல்வார். இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடைப்பல் முளைத்தது, தேய்ந்தது என்று அதில் கட்டங்கள் உண்டு. அதை வைத்து இந்த மாடு இன்னும் எத்தனை உழவு தாங்கும் என்றும் சொல்லிவிடுவார். சொன்னது பலித்ததும் உண்டு, பலிக்காததும் உண்டு. பலிக்காதபோது தப்பு மாட்டினுடையது.

சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். இரண்டு பேர் கையைக் கோத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை கேட்பதும், விரலைப் பிடித்துக் குறைப்பதும் ஏற்றுவதும் நடக்கும். அந்த நேரத்தில் வாய் சும்மா இருக்கக் கூடாது. மழை, கடலை, மாமனார் வீட்டு விசேஷம் என்று எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேரம் படிந்தால் முழுக் கையையும் ஒரு தடவை இறுக்குவார்கள். இறுக்கிவிட்டால் பேச்சு மாறக் கூடாது. துண்டுக்கடியில் பேசியதை மூன்றாம் ஆளிடம் சொல்வது எங்கள் பக்கத்தில் மாடு திருடுவதற்குச் சமம்.

சந்தை கூடுவது ஞாயிற்றுக்கிழமை. வம்பு அங்கேதான்.

நாங்கள் மிஷன் சபைக்காரர்கள். வெள்ளைக்காரப் பாதிரிமார்கள் கப்பலேறிப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அவர்கள் எழுதி வைத்த விதிகள் கப்பலேறவில்லை. ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் செய்கிறவருக்கு அப்பமும் திராட்சரசமும் தருகிற திருவிருந்து கிடையாது, சபைக் கூட்டத்தில் கை தூக்க முடியாது, செத்தால் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியேதான் இடம். வெளியே ஏற்கெனவே மூன்று பேர் கிடந்தார்கள். ஒருவர் சாராயத்துக்காக, ஒருவர் இரண்டாம் மனைவிக்காக. மூன்றாமவர் எதற்காக என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் அவரும் வெளியேதான்.

மாமாவுக்கு இதெல்லாம் ரொம்ப நாள் உறைக்கவில்லை. அத்தை கிருபாவதி ஒவ்வொரு ஞாயிறும் தனியாகக் கோயிலுக்குப் போவாள், மாமா தனியாகச் சந்தைக்குப் போவார். எமர்ஜென்சி வந்த வருஷம் அத்தை காய்ச்சலில் போய்விட்டாள். சுவருக்கு உள்ளே, மேற்குப் பக்கம் அடக்கம் செய்தார்கள். குழி வெட்டிய கங்கையாவைப் பார்த்து மாமா, "பக்கத்துல ஒரு ஆளு படுக்கறாமாரி எடம் உடு" என்றார்.

"எடம் உடறேன்" என்றார் கங்கையா. "உன்ன எந்தப் பக்கம் போடறதுன்னு வாத்தியாரு இல்ல சொல்லணும்?"

வாத்தியார் என்றால் ஏசுரத்தினம். மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சபைக் கமிட்டியின் காரியதரிசி. விதிகளை மனப்பாடமாகச் சொல்வார். நீக்கப்பட்டவர் திரும்பவும் சேர வழி உண்டு: அறுவடை முடிந்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிற அறுப்பின் பண்டிகை தொடங்கி அடுத்த அறுப்பின் பண்டிகை வரைக்கும் சந்தைப் பக்கம் போகாமல் ஒரு ஞாயிறும் விடாமல் ஆராதனைக்கு வரவேண்டும். ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்து.

"காலு ஓயட்டும் வாத்தியாரே, வந்துடறேன்" என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கணக்கில் அவருக்கு அப்போது ஆறு பல்தான்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மழையில் அவர் கண் மஞ்சளானது. முதலில் பார்த்தது என் அம்மா ஞானம்மாள்.

"அண்ணா, கண்ணு மஞ்சளா கீதே?"

"வெயிலு."

"மழ பேஞ்சிக்கினு இருக்குது, வெயிலாம்."

காமாலைக்கு எங்கள் ஊரில் மருந்து தெரியாத ஆள் கிடையாது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். வரதய்யபாளையம் பக்கம் ஒருவர் பச்சிலைச் சாறு கொடுக்கிறார் என்று அங்கே போய் விடியற்காலையில் குடித்துவிட்டு வந்து, உப்பில்லாமல் சாப்பிட்டார். கங்கையா மணிக்கட்டில் சூடு போட்டார். மஞ்சள் இறங்கவில்லை, ஏறியது. உடம்பெல்லாம் அரிப்பு. மாட்டுக் கொட்டகைக் கம்பத்தில் எருமை உராய்வதுபோல முதுகை உராய்ந்துகொண்டு நின்றார். மலம் சுண்ணாம்புபோலப் போனது. ஆனால் வலி என்று ஒன்றும் இல்லை. வலி இல்லாததால் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

"எலும்புன்னா புத்தூருக்குத் தூக்கினு போயி கட்டு போட்டுடலாம்" என்றார் கங்கையா வருத்தத்துடன். "இது உள்ள இல்ல கீது?"

நான் அந்த வருஷம்தான் திருப்பதியில் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டு வந்திருந்தேன். எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். வேலை வருகிற வரையில் எங்கள் ஊரில் ஒரு பட்டதாரிக்கு உள்ள வேலை, ஆஸ்பத்திரிக்குத் துணை போவது. தவளையின் பித்தப்பையை நான் என் கையாலேயே அறுத்துப் பார்த்திருக்கிறேன் என்பதால் இந்த நோய்க்கு நானே தகுந்த ஆள் என்று தெருவில் முடிவாயிற்று.

திருப்பதியில் ஜெயச்சந்திரன் என்ற அறுவை டாக்டரிடம் போனோம். சந்திரகிரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். மற்ற நோயாளிகளிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ். வயிற்றை அழுத்தினார், கண்ணை விலக்கினார், ரத்தம் எடுத்தார், படம் எடுத்தார்.

"கல்லா சார்?" என்று நான் கேட்டேன்.

"கல்லுன்னா வலிக்கும். விட்டு விட்டு மஞ்சள் வரும். இது வலியில்லாம ஏறிக்கிட்டே போகுது. பித்தக் குழாயிலயே ஏதோ வளர்ந்து அடைச்சிருக்கணும்."

மாமா நேராகக் கேட்டார். "கேன்சரா சார்?"

"அப்படித்தான் நினைக்கறேன்."

"எத்தினியாவது பல்லு?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "மாட்டுக்குப் பல்லைப் பார்த்து வயசு சொல்றமாதிரி, இதுக்கு எதைப் பார்த்துச் சொல்வீங்கன்னு கேட்கறார் சார். தரகர்" என்றேன்.

டாக்டர் கழுத்தில் மாட்டியிருந்த குழாயைக் கழற்றி, அதன் ரப்பரை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். "இதுதான் பித்தக் குழாய்னு வெச்சுக்குங்க. வளர்ந்தது குழாய்க்குள்ளயே இருந்தா முதல் கட்டம். குழாயோட சுவரைத் தாண்டிப் போச்சுன்னா ரெண்டாவது. பக்கத்துல நெறிக்கட்டுங்க இருக்கும், அதுல ஏறிட்டா மூணாவது. ஈரல், வயிறு எல்லாம் பரவிட்டா நாலாவது."

"செவுத்துக்கு உள்ள இருந்தா நல்லதுன்றீங்க."

"ஆமா."

"எங்க சபையிலயும் அதான் சொல்றாங்க" என்றார் மாமா.

டாக்டருக்குப் புரியவில்லை. நான் விளக்கவில்லை.

"எந்தக் கட்டம்னு எப்டிப் பாப்பீங்க?"

"வயித்தைத் திறந்துதான் பாக்கணும். எடுக்க முடிஞ்சா எடுத்துடுவேன். முடியலன்னா அடைப்புக்கு மேல குடலைக் கொண்டுவந்து சேத்து பித்தத்துக்கு வழி பண்ணிடுவேன். அரிப்பு நின்னுடும்."

"கட்டம் தெரிஞ்சா எத்தினி நாளு இருப்பன்னு தெரியுமா?"

டாக்டர் குழாயைத் திரும்பவும் கழுத்தில் போட்டுக்கொண்டார். "அந்தக் கட்டத்துல இருந்த நூறு பேர் எவ்வளவு நாள் இருந்தாங்கன்னு சொல்லலாம். அந்த நூறுல நீங்க எந்த ஆளுன்னு சொல்ல முடியாது."

"நூறு மாட்டுக்குச் சொல்வீங்க. புடிச்சிக்கினு வந்த மாட்டுக்குச் சொல்ல மாட்டீங்க."

"அதேதான்."

"அப்டிப் பேசினா சந்தையில ஒரு மாடு விக்காது சார்."

டாக்டர் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த நோயாளியைக் கூப்பிடவும் இல்லை. "உங்களுக்கு எவ்வளவு நாள் வேணும்?"

"வர்ற அறுப்பின் பண்டிகைலேர்ந்து அதுக்கடுத்த அறுப்பின் பண்டிகை வரிக்கும்."

"பொண்ணு கல்யாணமா?"

"இல்ல சார். சாவறதுக்கு" என்றார் மாமா.

பிறகு அவரே முழுக்கதையையும் சொன்னார். சந்தை, சபை, சுவர், மேற்குப் பக்கத்தில் அத்தை, பக்கத்தில் விட்டு வைத்திருக்கிற இடம். டாக்டர் கேட்டுவிட்டு, "வெளியே இருக்கற மூணாவது ஆள் எதுக்காக வெளியே?" என்றார்.

"அதான் சார் யாருக்கும் தெரியல."

டிசம்பரில் ஆபரேஷன் நடந்தது. முடிந்ததும் டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். குடும்பத்தில் படித்த ஆள் என்றால் இதுதான் கௌரவம்: மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், நமக்குக் கெட்ட செய்தியை நிற்க வைத்துச் சொல்வார்கள்.

"மூணாவது கட்டம். சுவரைத் தாண்டிடுச்சு, பக்கத்து நெறிக்கட்டுங்கள்லயும் இருக்கு. ஈரல் சுத்தமா இருக்கு. எடுக்க முடியல, குடலைச் சேத்து விட்டிருக்கேன்."

"எவ்வளவு நாள் சார்?"

"இந்தக் கட்டத்துல நான் திறந்து பாத்தவங்கள்ல பாதிக்கு மேல ஆறு மாசம் தாண்டலை. வருஷம் தாண்டினவங்க அங்கொருத்தர் இங்கொருத்தர்."

அம்மாவிடம் சொன்னேன். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "அண்ணன்கிட்ட சொல்லாத. அந்த டாக்டரையும் சொல்ல வேணாம்னு சொல்லிடு" என்றாள். சொன்னேன். டாக்டர் சரி என்றார்.

மஞ்சள் இறங்க ஆரம்பித்த பிறகு ஒரு காலையில் டாக்டர் கட்டிலுக்கு வந்தார். கட்டிலைச் சுற்றி அம்மா, நான், ஊரிலிருந்து பார்க்க வந்த கங்கையா. மாமா எங்களை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு டாக்டரிடம், "சார், கைய இப்டிக் குடுங்க" என்றார்.

நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து டாக்டர் கையை நீட்டினார். மாமா அதைப் பிடித்துக்கொண்டு, தலைமாட்டில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையின் மேலும் போட்டார்.

டாக்டரின் முகம் மாறியது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, அவருக்கு அது என்னவென்று தெரியாமல் இருக்காது.

"சந்திரகிரிப் பக்கம் மழ எப்டி சார்?" என்றார் மாமா.

டாக்டர் துண்டைப் பார்த்தார். பிறகு, "பரவாயில்லை" என்றார். துண்டு லேசாக அசைந்தது.

"கடல?"

"கடலை சுமார்தான்." துண்டு வேகமாக அசைந்தது, அடியில் எலி புகுந்ததுபோல.

"சுமாருன்னா எப்டி சார்? அவ்ளோ மோசமா இருக்காதே."

"இல்லைங்க, சுமார்தான். பூச்சி விழுந்திருக்கு."

"மாங்கா?"

"பூ விட்டிருக்கு."

"பூ உட்டா காய்க்கும் சார். காய்க்கும்."

டாக்டருக்கு நெற்றியில் வியர்த்தது. வார்டில் நர்ஸ் ஊசியோடு வந்து நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். அம்மா அவர்கள் இரண்டு பேரும் ஜெபம் பண்ணுகிறார்கள் என்று நினைத்துத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள். மாமா மாங்காயிலிருந்து கரும்பு வழியாக நெல்லுக்கு வந்தபோது துண்டு ஒரு தடவை இறுகி, நின்றது. மாமா துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"செரி சார். போய்ட்டு வாங்க."

டாக்டர் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு போனார். நர்ஸ் ஊசி போட்டாள்.

"இன்னா சொன்னாரு மாமா?" என்று கேட்டேன்.

"மாங்கா பூ உட்டுகீதாம்."

ஊருக்கு வந்ததும் போதகர் ஞானசிங் ஐயாவும் ஏசுரத்தினம் வாத்தியாரும் பார்க்க வந்தார்கள். அறுப்பின் பண்டிகையிலிருந்து கோயிலுக்கு வருகிறேன் என்று மாமா சொன்னார். போதகர் சந்தோஷப்பட்டு ஜெபம் செய்தார். வாத்தியார் ஆமென் சொல்லிவிட்டு, கண்ணைத் திறந்த உடனே கேட்டார்.

"ஜெபதாசு, நேராவே கேக்கறேன், தப்பா நினைக்காத. டாக்டர் எவ்வளவு காலம் சொன்னாரு?"

"துண்டுக்கடியில பேசினது வாத்தியாரே."

"எனக்காகக் கேக்கல, சபைக்காகக் கேக்கறேன். முழு வருஷம் வந்தாத்தான் சேத்துக்க முடியும். நடுவுல போய்ட்டன்னா?"

"போய்ட்டா வெளிய போடு."

"வெளிய போடறதுல எனக்கென்ன சந்தோஷமா? கிருபாவதி எனக்குத் தங்கச்சி முறை."

போதகர் இரக்கமுள்ளவர். "நோயாளிதானே, கமிட்டியில பேசி ஆறு மாசமாக் குறைச்சிக்கலாம்" என்றார். வாத்தியார் விதியில் அப்படி இல்லையே என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மாமா சொல்லிவிட்டார்.

"வேணாம் ஐயா. கொறைச்சி வாங்கினு போனா, அங்க போய் படுத்ததும் அவ கேப்பா, எதுல கொறைச்சன்னு. முழுசாவே இருக்கட்டும்."

வாத்தியார் மாமாவை ஒரு நிமிஷம் பார்த்தார். தனக்கு உடன்பட்ட முதல் குற்றவாளியை அவர் அன்றுதான் பார்த்திருப்பார்.

பிப்ரவரியில் அறுப்பின் பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்ததும், சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணி, வாழைத்தார், கோழி, நெல் எல்லாம் கோயில் வாசலிலேயே ஏலம் போடப்படும். ஏலம் கூறுகிறவர் வாத்தியார்தான். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று அவர் கூவினால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்றைக்கும் நடுங்கும். அந்த வருஷம் யாரோ ஒரு கிடாரிக் கன்று கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். கன்றைப் பார்த்து யாரும் ஏலம் கேட்கவில்லை. சுணக்கமாக இருந்தது.

வாத்தியார் கூட்டத்தைப் பார்த்தார். "ஜெபதாசு, நீ சொல்லு. இந்தக் கன்னு எப்படி?"

மாமா இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். "இன்னிக்கு ஞாயித்துக்கெழம வாத்தியாரே."

கூட்டம் சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. "ஒரு தரம்" என்றார் கன்றைப் பார்த்து.

அந்த வருஷம் முழுக்க மாமா கோயிலுக்குப் போனார். அரிப்பு இல்லை, கண் வெளுத்துவிட்டது, சோறு சாப்பிட்டார். அவர் உட்காருகிற இடம் கடைசி பெஞ்சில் ஜன்னலோரம். சந்தைக்கு மாடுகள் போகிற பாதை அந்த ஜன்னலுக்கு நேர்வெளியே. போதகர் பிரசங்கம் செய்வார், வெளியே சலங்கை கேட்கும், மாமா உதட்டுக்குள் "நாலு பல்லு" என்பார். பக்கத்தில் இருக்கிற நான் இருமுவேன். பொன்னால் செய்த கன்றுக்குட்டியை ஜனங்கள் வணங்கிய அதிகாரத்தைப் போதகர் ஒரு நாள் விளக்கினார். மாமா அசையாமல் கேட்டார். வெளியே வந்து, "கன்னுன்னா எவ்ளோ பெருசு இருக்கும்னு ஐயா சொல்லவேல்ல" என்றார்.

ஆறு மாதம் தாண்டியது. நான் மருந்து வாங்க திருப்பதி போகும்போதெல்லாம் டாக்டர், "எப்படி இருக்கார்?" என்று கேட்பார். "கோயிலுக்குப் போறார் சார்" என்பேன். "ஒண்ணும் விடலையே?" என்பார். நோயைப் பற்றி அதற்குப் பிறகுதான் கேட்பார்.

அடுத்த மழைக்காலத்தில் உடம்பு இறங்க ஆரம்பித்தது. கண்ணில் மஞ்சள் திரும்பவும் தெரிந்தது. வயிறு உப்பியது, மற்றதெல்லாம் வற்றியது. டாக்டர் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஈரலுக்கு வந்துடுச்சு" என்று என்னிடம் சொன்னார். நாலாவது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரப்பர் குழாயில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் தெரியும்.

கிறிஸ்மஸுக்கு நானும் கங்கையாவும் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனோம். ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. காய்ச்சல் வேறு. அம்மா, "கர்த்தருக்குத் தெரியாதா அண்ணா? இன்னிக்கு ஒரு நாளு படுத்துக்கோ" என்றாள்.

"கர்த்தருக்குத் தெரியும். வாத்தியாருக்குத் தெரியணுமே" என்றார் மாமா. எழ முயன்று சரிந்தார்.

முதல் மணி அடித்தது. நான் கங்கையாவைத் தேடி ஓடினேன். ஆள் அகப்படவில்லை. திரும்பி வந்தபோது வாசலில் ஒரு மாட்டு வண்டி நின்றது. வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம் விரித்திருந்தது. வண்டியின் முன்பக்கம், வெள்ளை வேட்டி, கோட்டு, கையில் தலைக்கயிறு என்று ஏசுரத்தினம் வாத்தியார் உட்கார்ந்திருந்தார்.

"இரண்டாம் மணிக்குள்ள உள்ள இருக்கணும்" என்றார். "தூக்கு."

தூக்கிப் போட்டோம். மாமா படுத்தபடியே, வண்டி மாடுகளைப் பார்த்தார். "வாத்தியாரே, எடது மாடு தேஞ்ச பல்லு. உன்ன ஏமாத்திட்டாங்க."

"பேசாம வா."

"விதியில வண்டி கட்டிக்கினு வரலாமா?"

"வண்டி கட்டக் கூடாதுன்னு விதியில இல்ல. நான் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் அந்த வண்டி வந்தது. மாமா கடைசி பெஞ்சில் படுத்துக்கொள்வார். பெஞ்சின் மற்ற இடங்களில் யாரும் உட்காரமாட்டார்கள்.

அறுப்பின் பண்டிகை வந்தது. போதகர் மாமாவின் பெயரைச் சொல்லி, சபை அவரை மறுபடி சேர்த்துக்கொள்கிறது என்று வாசித்தார். மாமாவால் பீடத்துக்குப் போக முடியாததால் போதகர் அப்பமும் ரசமும் எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு வந்தார். மாமா வாங்கிக்கொண்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆச்சா?" என்றார்.

"ஆச்சு" என்றார் போதகர்.

அம்மா அழுதாள். வாத்தியார் ஏலம் கூற வெளியே போனார். அந்த வருஷம் தொண்டை சரியில்லை என்று பூசணிக்காய்க்கே இரண்டு தடவை நிறுத்தினார்.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் மாமா என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, எத்திராஜ்கிட்ட வண்டி சொல்லு." எத்திராஜ் பக்கத்துத் தெரு நாயுடு, வண்டி வைத்திருந்தவர்.

"வாத்தியார் வண்டி வரும் மாமா, கோயிலுக்கு."

"நான் கோயிலுக்குன்னா சொன்னேன்? சந்தைக்கு."

அம்மா உள்ளிருந்து ஓடி வந்தாள். "ஐயோ அண்ணா! போன வாரந்தான் சேத்துக்கினாங்க! மறுபடி நீக்கிடுவாங்களே!"

"வருசம் முடிஞ்சிதா இல்லியா?"

"முடிஞ்சிது. அதுக்குன்னு?"

மாமா என்னைப் பார்த்தார். "பி.எஸ்ஸி., நீ சொல்லு. நீக்கறதுன்னா இன்னா பண்ணணும்?"

"கமிட்டி கூடித் தீர்மானம் போடணும்."

"கமிட்டி எப்ப கூடுது?"

"ஈஸ்டர் கழிச்சி."

மாமா தன் வயிற்றைக் காட்டினார். பானைபோல இருந்தது. கையைக் காட்டினார். குச்சிபோல இருந்தது. "இந்த மாடு ஈஸ்டரு வரிக்கும் நிக்குமா?" என்று அம்மாவைக் கேட்டார். பிறகு என்னிடம், "போய் வண்டி சொல்றா" என்றார்.

வண்டி கோயில் வழியாகத்தான் போகவேண்டும். முதல் மணி அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் வாத்தியார் நின்றார், மாமாவைக் கூப்பிட வண்டி பூட்டப் புறப்பட்டவர் போலிருக்கிறது, கையில் சாட்டை இருந்தது. எங்கள் வண்டியைப் பார்த்தார், அது போகிற திக்கைப் பார்த்தார்.

"ஜெபதாசு. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

"தெரியும் வாத்தியாரே. எழுதிக்கோ."

 வண்டி திருப்பத்தில் மறையும்வரை வாத்தியார் சாட்டையோடு அங்கேயே நின்றிருந்தார்.

சந்தையில் புளியமரத்தடியில் ஜமுக்காளம் விரித்துப் படுக்க வைத்தோம். கூட்டம் கூடிவிட்டது. சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குத் தரகர் ஒருவர் குனிந்து பார்த்து, "ஏமய்யா ஜெபதாசு, இங்கா உன்னாவா?" என்றார், இன்னும் இருக்கிறாயா என்று.

"உன்னானுலே" என்றார் மாமா. "மாட்ட இட்னு வா."

ஒரு ஜோடியைக் கொண்டுவந்தார்கள். மாமாவால் எழ முடியவில்லை. மாட்டின் தலையை அவர் முகத்துக்கு நேராகத் தாழ்த்திப் பிடித்தார்கள். உதட்டை விலக்கினார், பார்த்தார். வாங்க வந்தவரின் கையைப் பிடித்தார், நான் துண்டை எடுத்துப் போட்டேன். மழையைப் பற்றிக் கேட்டார். வாய் சரியாக வரவில்லை, ஆனால் துண்டு நன்றாகவே அசைந்தது. ஒரு தடவை இறுகியது. மாடு கை மாறிற்று. மாமா வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அடுத்த ஞாயிறு வருவதற்குள் போய்விட்டார்.

அடக்கத்துக்கு முன் போதகர் வாத்தியாரைத் தனியாகக் கூப்பிட்டார். கூடத்தில்தான் நின்று பேசினார்கள், எனக்குக் கேட்டது. "சந்தைக்குப் போனாராமே. சபையிலே எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. எங்கே வைக்கறது?"

"கமிட்டி கூடாம யாரையும் நீக்க முடியாது ஐயா" என்றார் வாத்தியார். "இன்னிய தேதிக்கு அவர் முழு அங்கத்தினர். மணி அடிக்கச் சொல்லுங்க."

மணி அடித்தது. சுவருக்கு உள்ளே, மேற்குப் பக்கம், அத்தைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கங்கையா குழிக்குள் எட்டிப் பார்த்து, "ஒரு ஆளுக்குத்தான் எடம் உட்டேன். இப்ப பாத்தா மிச்சம் கீது" என்றார்.

திருப்பதிக்குப் போய் டாக்டரிடம் சொன்னேன். தேதி கேட்டார். மேஜையைத் திறந்து ஒரு தாளை எடுத்து, மூன்றாம் கட்டம் என்று இருந்த இடத்தில் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார்.

"இனிமே சொல்லலாம் இல்லையா?" என்றார்.

"மாடு கை மாறிடுச்சு சார். சொல்லலாம்."

"நான் அன்னிக்கு அஞ்சு விரல் பிடிச்சேன். அஞ்சு மாசம். அவர் என் கையைத் தட்டிவிட்டுட்டு அஞ்சு, அஞ்சு, நாலுன்னு பிடிச்சாரு. பதினாலு. நான் இல்லைன்னு ஆறு பிடிச்சேன். விடலை. எங்கப்பா காளை வாங்கப் போனா நானும் கூடப் போவேன், அவ்வளவு பேரம் பாத்ததே இல்லை. வாய் மாங்காய் பேசுது, கை சண்டை போடுது. நான் பன்னெண்டு வரைக்கும் வந்துட்டேன்ப்பா. பன்னெண்டே பொய். அதுக்கும் மேல ரெண்டு விரல் கேட்டாரு. ஏன் பதினாலுன்னு எனக்கு அப்பப் புரியலை."

"டிசம்பர்லேருந்து அறுப்பின் பண்டிகை வரைக்கும் சார். ஒண்ணு விட்டு அடுத்தது."

டாக்டர் தலையாட்டினார். "நர்ஸ் வேற நின்னுக்கிட்டு இருந்தா. இறுக்கிட்டேன். டாக்டர் அப்படி இறுக்கியிருக்கக் கூடாது." தாளைத் திரும்பவும் ஒரு தடவை பார்த்தார். "என் மூணாவது கட்டத்துக்கு இவரால சராசரி கொஞ்சம் ஏறிடும்."

ஈஸ்டர் முடிந்து கமிட்டி கூடியது. எனக்கு அதற்குள் சித்தூரில் வேலை கிடைத்திருந்தது. படித்த வாலிபன் என்று கமிட்டியிலும் சேர்த்திருந்தார்கள். அதனால் நானும் உட்கார்ந்திருந்தேன். ஏசுரத்தினம் வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விஷயங்களை வரிசையாக வாசித்தார். கூரை ஒழுகுவது. பாடகர் குழுவுக்குப் புது ஆர்மோனியம். மூன்றாவதாக, சகோதரர் ஜெபதாஸ் ஞாயிற்றுக்கிழமை மாட்டுச் சந்தைக்குப் போனது.

 போதகர், "அவர்தான் உள்ளே படுத்துட்டாரே" என்றார்.

"அது எனக்கும் தெரியும்" என்றார் வாத்தியார். "விஷயம் வந்தா வாசிக்கணும். வாசிச்சேன். போதுமான தகவல் இல்லாததால அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாம்னு நினைக்கறேன்."

எல்லோரும் கை தூக்கினோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கமிட்டி கூடுகிறது. வாத்தியார் அதை மூன்றாவதாக வாசிக்கிறார். நாங்கள் கை தூக்குகிறோம்.